ரவுட்டரில் பெரிய பிட் மாட்டிப் பேனல் ஓட்டியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அலமாரிக் கதவுக்கு நடு மேடாகவும் ஓரம் சரிவாகவும் பேனல் வேண்டும் என்று ரவுட்டரில் (மரத்தைச் செதுக்கும் சுழல் இயந்திரம்) மாட்ட மூன்றரை அங்குல விட்டமுள்ள பிட் (வெட்டும் அலகு) வாங்கினேன். சின்ன பிட்டுக்கு வைத்திருந்த நிமிடத்துக்கு 22,000 சுற்றை மாற்றாமலே ஸ்விட்சைப் போட்டுவிட்டேன். ரவுட்டரை அடியில் பொருத்தியிருந்த டேபிளே நடுங்கியது, மேலே கிடந்த பென்சில் உருண்டு கீழே விழுந்தது, பாய்ந்து அணைத்தேன். அப்புறம் கணக்குப் போட்டால், அந்தச் சுற்றில் பிட்டின் ஓரம் மணிக்குச் சுமார் 370 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது! 10,000க்கு இறக்கினால் 170க்குள் வந்துவிடும். வேகத்தைக் குறைக்க வழியில்லாத ரவுட்டரில் இந்த பிட்டை மாட்டவே மாட்டாதீர்கள், கையில் பிடித்து ஓட்டும் நினைப்பும் வேண்டாம், டேபிளில் மட்டும்தான்.

வேகத்தைச் சரிசெய்த பிறகும் ஒரு பலகை போனது. முழு ஆழத்தையும் ஒரே ஓட்டில் எடுக்கப் பார்த்தேன், அதுவும் நீளப் பக்கத்தை முதலில் முடித்துவிட்டு. கடைசியாக மர இழைக்குக் குறுக்கே வரும் குறுக்கு முனையை ஓட்டும்போது மூலை சிலாம்பாகப் பிளந்து வந்துவிட்டது. இப்போது குறுக்கு முனைகள் இரண்டும் முதலில், நீளப் பக்கங்கள் பிறகு. மூலையில் கொஞ்சம் சிலாம்பு எழும்பினாலும் நீள ஓட்டு அதைச் சீவிவிடும். ஆழத்தையும் நாலு தடவையாகப் பிரித்து, கடைசி ஓட்டில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக எடுக்கிறேன். தேக்கில் அந்தக் கடைசி ஓட்டு முடிந்ததும் சரிவில் விரலை வைத்துப் பாருங்கள், உப்புத்தாள் தேய்க்க வேலையே இருக்காது.

—

எனக்குக் கோலெட்டில்தான் (ரவுட்டரில் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) சிக்கல். ஷாங்கை (பிட்டின் தண்டு) அடிவரை இறக்கி இறுக்கியிருந்தேன், பிடி சரியாக விழவில்லை. ஓட்ட ஓட்ட பிட் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியிருக்கிறது, ஆறாவது பேனலைக் கதவுச் சட்டத்தின் காடியில் நுழைத்துப் பார்த்தபோதுதான் பேனல் ஓரத்து நாக்கு மெலிந்து லொடலொடவென்று ஆடியது. பிட் தெறித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்தாலே கை சில்லிட்டுப் போகிறது. அடிவரை இறக்கிவிட்டு ஒரு மூன்று மில்லிமீட்டர் மேலே தூக்கி, அப்புறம் இறுக்குங்கள்.

—

ரவுட்டர் சின்னது என்றால் செங்குத்து பிட்டைப் பாருங்கள். விட்டம் ஒன்றரை அங்குலம் அளவில்தான் இருக்கும், டேபிள் அதிராது, பயமும் பாதியாகக் குறையும். பலகையை நிமிர்த்தி ஓட்ட வேண்டும் என்பதால் ஃபென்ஸ் (பலகையை அணைத்து ஓட்டும் தடுப்பு) உயரமாக இருக்கணும். நான் ஒட்டுப்பலகையில் ஓரடி உயரத்துக்கு ஒன்று அடித்து வைத்திருக்கிறேன். ஆனால் மேல்பக்கம் வளைந்த பேனலுக்கு இது உதவாது. அதற்குப் பேரிங் வைத்த பெரிய பிட்தான், ஃபென்ஸை எடுத்துவிட்டு, பலகையை முதலில் டேபிளில் நிற்கும் பின்னில் (சிறு முளை) அணைத்து, அங்கிருந்து மெல்ல பேரிங்கில் சாய்க்க வேண்டும்.