பழைய ஆர்.பி.ஜி.களை (ஒரு கதாபாத்திரமா மாறி ஆடுற கணினி ஆட்டங்களை) இன்னிக்கு உட்கார்ந்து ஆட முடியுமா?

மழைக்காகிதம் கேட்டது:

வணக்கம் நண்பர்களே. பால்டர்ஸ் கேட் 3 முடிச்சாச்சு. அதுல வர்ற ஜஹைரா, மின்ஸ்க் ரெண்டு பேரும் பழைய பாகங்கள்லயே உண்டுன்னு தெரிஞ்சதும், 1998-ல வந்த முதல் பாகத்தைச் சலுகை விலையில வாங்கிட்டேன். கூடவே மாரோவிண்ட் (2002), ஃபாலவுட் 1 (1997).

மூணுலயும் ஒரு மணி நேரத்தைத் தாண்ட முடியல. மாரோவிண்ட்ல கத்தி நண்டு மேல படுறது கண்ணுக்குத் தெரியுது, ஆனா அடி விழல. பால்டர்ஸ் கேட்ல ஒரு ஓநாய் வந்தா மந்திரவாதி காலி. ஃபாலவுட்ல தண்ணி சிப்பை (தண்ணி சுத்திகரிக்கிற இயந்திரத்தோட சிப்பை) கண்டுபிடிக்க 150 நாள்தான்னு கெடு வைக்கிறாங்க.

கிராபிக்ஸ் பழசா இருக்கிறது பிரச்னையே இல்ல. கேள்வி இதுதான்: இதெல்லாம் உண்மையிலேயே இன்னிக்கும் நல்ல ஆட்டங்களா, இல்ல அப்ப ஆடினவங்க பழைய பாசத்துல சொல்றதா? ஆடலாம்னா எப்படி ஆரம்பிக்கணும்?

---

வளவன்79:

சகோ, மூணுலயும் உங்களைக் கவுக்கிறது ஒரே சங்கதிதான். விதிகள் பெட்டியோட வந்த கையேட்டுல இருந்துச்சு, ஆட்டத்துக்குள்ள இல்ல. இப்ப டிஜிட்டலா வாங்கினா கையேடு ஒரு பிடிஎஃப்பா எங்கயோ மூலையில கிடக்கும். யாரும் திறக்கிறதில்ல.

மாரோவிண்ட்ல கத்தி படுறதும் அடி விழுறதும் வேற வேற. ஒவ்வொரு வீச்சுக்கும் உள்ள பகடை உருளுது. அடி விழுற சதவீதத்துக்குக் கணக்கு இப்படி (அஜிலிட்டின்னா சுறுசுறுப்பு, லக்னா அதிர்ஷ்டம், ஃபட்டீக்னா தெம்பு, திரையில பச்சைப் பட்டையா தெரியும்):

(ஆயுதத் திறன் + அஜிலிட்டி ÷ 5 + லக் ÷ 10) × (0.75 + 0.5 × மீதி ஃபட்டீக் விகிதம்)

இதுல எதிரியோட தப்பிக்கும் அளவு வேற கழியும். ஆட்டம் தொடங்குற செய்டா நீன் ஊர்ல, அலுவலக மேசையில ஒரு இரும்புக் குத்துவாள் கிடக்கும். எல்லாரும் அதைத்தான் எடுத்துட்டுக் கிளம்புவாங்க. உங்க கேரக்டர் குறுவாளை முக்கியத் திறனாவோ துணைத் திறனாவோ எடுக்கலன்னா அந்தத் திறன் வெறும் 5. அஜிலிட்டி 40, லக் 40ன்னு வைங்க: 5 + 8 + 4 = 17. ஊர்ல இருந்து ஓடியே வந்து பச்சைப் பட்டை காலியாயிருந்தா 17 × 0.75, அதாவது 13 சதவீதம்கூட இல்ல. நண்டு சும்மா நின்னாலும் எட்டு வீச்சுக்கு ஒண்ணுதான் விழும்.

இப்ப ரெட்கார்ட் இனம், போர்ப் பிரிவு, நீள்வாள் முக்கியத் திறன்: 30 + 5 + 15 = 50. பச்சைப் பட்டை நிறைஞ்சிருந்தா (50 + 8 + 4) × 1.25 = 77.5. அதே ஆட்டம், அதே நண்டு.

செய்ய வேண்டியது:

ஆரம்பத்துல எழுத்தர் கேக்கும்போது கேள்வி-பதில் வழியில போகாம வகுப்பை நீங்களே உருவாக்குங்க. கையில எடுக்கப்போற ஆயுதம் எதுவோ அது முக்கியத் திறன்ல இருக்கணும். அந்தக் குத்துவாளை வித்துட்டு அதே ஊர்ல இருக்கிற அரில் கடையில உங்க திறனுக்கு ஏத்த ஆயுதம் வாங்குங்க. எதிரியைப் பாத்ததும் ஓட்டத்தை நிறுத்தி நடங்க. நடந்தா பச்சைப் பட்டை ஏறும், ஓடினா இறங்கும். மந்திரம் பலிக்கிறதும் பேரம் படியிறதும்கூட இந்தப் பட்டையைப் பொறுத்ததுதான். பாதிப் பேருக்கு இது கடைசி வரைக்கும் தெரியாது. சில்ட் ஸ்ட்ரைடர் (ஊர் விட்டு ஊர் போற ராட்சதப் பூச்சி வாகனம்) ஏறி பால்மோரா ஊருக்குப் போய், கதைப்படி நீங்க பாக்க வேண்டிய கேயஸ் கொசேடஸைப் பாத்தா 200 காசு குடுப்பார். ஆயுதத் திறன் குறைவா இருந்தா அதைக் கவசம் வாங்கச் செலவழிக்காதீங்க. ஃபைட்டர்ஸ் கில்ட்ல (போர்வீரர் சங்கத்துல) பயிற்சிக்குக் குடுங்க. குறைஞ்ச திறனுக்குப் பயிற்சி மலிவு, எத்தனை தடவை எடுக்கலாம்னு வரம்பும் கிடையாது.

ட்ரிப்யூனல் விரிவாக்கம் சேர்ந்த பதிப்புன்னா முதல் லெவல்லயே தூங்கும்போது கொலையாளி வந்து நிப்பான். அந்த விரிவாக்கம் முன்னேறின ஆட்களுக்குன்னு செஞ்சது, ஆனா அவன் வர்றதுக்கு லெவல் வரம்பு வைக்கல, அவ்வளவுதான். அவன் வர்றதைத் தள்ளிப்போடுற சின்ன மோட் (ரசிகர்கள் செஞ்ச மாற்றம்) இருக்கு, போட்டுக்கோங்க. அவனைச் சமாளிக்க முடிஞ்சா மோட் வேண்டாம். அவன் கவசத்தை வித்தா நல்ல காசு.

எஞ்சின் விஷயம்: மாரோவிண்டை ஓட்டுற மாற்று எஞ்சின் ஓப்பன்எம்டபிள்யூ இலவசம், பழைய எஞ்சினை விட க்ராஷ் ரொம்பக் கம்மி, ஆனா ஆட்டத்தோட அசல் கோப்புகள் உங்ககிட்ட இருக்கணும். மோட் பட்டியல் எதையாவது பாத்து ஆடப்போறீங்கன்னா முதல்லயே முடிவு பண்ணுங்க. எம்டபிள்யூஎஸ்இ (பழைய எஞ்சினுக்கான ஸ்கிரிப்ட் கருவி) தேவைப்படுற மோட் எதுவும் ஓப்பன்எம்டபிள்யூல ஓடாது.

இவ்வளவும் பண்ணிட்டா என் கணக்குல இன்னிக்கும் இதுக்கு ஈடு கிடையாது. வரைபடத்துல அம்புக்குறி இல்ல. ஒருத்தர் "பாலம் தாண்டி வடக்கே போய் இடது பக்கம் திரும்பு"ன்னு சொல்வார், நீங்க பாறையையும் மரத்தையும் பாத்துதான் போகணும். புது ஆட்டங்கள்ல கண்ணு குட்டி வரைபடத்து மேலயே இருக்கும். இதுல நிலத்து மேல இருக்கும்.

---

தேன்மொழி:

பால்டர்ஸ் கேட் பகுதியை நான் சொல்கிறேன். மூன்றாம் பாகத்திலிருந்து வருபவர்களுக்கு முதல் அதிர்ச்சி ஆர்மர் கிளாஸ் (பாதுகாப்பைக் காட்டும் எண்) தலைகீழாக இருப்பது. இங்கே எண் குறையக் குறையத்தான் பாதுகாப்பு. வெறும் உடம்புக்கு 10, ஃபுல் பிளேட் போட்டால் 1. தாக்குபவருக்குத் தாக்கோ என்று ஓர் எண். முதல் லெவலில் 20. தாக்கோவிலிருந்து எதிரியின் ஆர்மர் கிளாஸைக் கழித்தால் வருவதுதான் பகடையில் விழ வேண்டிய எண். எதிரிக்கு 4 என்றால் 16 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். அதாவது நான்கில் ஒரு அடிதான் படும். ஆட்டம் முதல் இரண்டு லெவலில் பாதகமாகத் தெரிவது இதனால்தான். உங்கள் ஆட்டத்தில் குறை எதுவும் இல்லை.

மந்திரவாதிக்கு முதல் லெவலில் உயிர் 4. கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) 16 இருந்தால் 6. ஓநாய்க்கு அது ஒரு கடிதான். முதல் முறை ஆடுபவர் போர்வீரர் வகுப்பை எடுப்பது நல்லது: கான்ஸ்டிட்யூஷன் 18 வைத்தால் 14 உயிரோடு தொடங்கலாம். மந்திரத்துக்கு வழியில் ஆள் கிடைக்கும்.

எல்லோருக்கும் வில், கவண், எறிகோடரி என ஏதாவது எறி ஆயுதம் கொடுங்கள். முதல் பாகத்தில் வில்தான் ராஜா. ஒரு சுற்றுக்கு இரண்டு அம்பு போகும், நல்ல டெக்ஸ்டெரிட்டி (கை லாவகம்) இருந்தால் குறியும் கூடும். முன்னால் கவசக்காரர் ஒருவர் நிற்க, மற்ற ஐவர் பின்னாலிருந்து எய்வதே பாதி ஆட்டம். மந்திரவாதியின் ஒரே ஸ்பெல் ஸ்லீப்பாக (எதிரியைத் தூங்கவைக்கும் மந்திரமாக) இருக்கட்டும். தூங்குகிற எதிரி மேல் விழும் அடி தவறாது.

ஃப்ரெண்ட்லி ஆர்ம் சத்திரத்துப் படிக்கட்டில் டார்னெஷ் என்று ஒருவன் பேச்சுக் கொடுப்பான். புதியவர்களில் பலர் ஆட்டத்தை அழித்துவிட்டுப் போகும் இடம் அது. அவன் மிரர் இமேஜ் (தன் பிம்பங்களைப் பெருக்கும் மந்திரம்) போட்டுக்கொண்டு, அடுத்து ஹாரர் (பயமுறுத்தும் மந்திரம்) போட்டால் உங்கள் ஆட்கள் நாலா பக்கமும் ஓடுவார்கள். பேச்சு முடிந்ததும் பாஸ் செய்து (ஆட்டத்தை இடைநிறுத்தி) எல்லோரையும் அவன் மேலேயே ஏவுங்கள். மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஓர் அடி பட்டாலும் அது கலைந்துவிடும். உங்களோடு வரும் இமோயனிடம் மேஜிக் மிசைல் மந்திரக்கோல் ஒன்று இருக்கும். அதை இங்கேயே செலவழியுங்கள், சேர்த்துவைத்துப் பயனில்லை.

ஆட்டோ-பாஸ் அமைப்பில் "எதிரி தெரிந்ததும்" என்பதைக் கட்டாயம் இயக்குங்கள். இது இல்லாமல் ஆடுவது வீண் தொல்லை.

இன்னொன்று, மந்திரமில்லாத இரும்பு ஆயுதம் சண்டை நடுவே உடைந்துபோகும். பிழை என்று நினைத்து மறுபடி லோடு செய்பவர்கள் உண்டு. நாட்டில் இரும்பு கெட்டுக் கிடப்பதுதான் கதையே. ஆளுக்கொரு மாற்று ஆயுதம் பையில் இருக்கட்டும்.

2012-இல் வந்த என்ஹான்ஸ்ட் எடிஷனையே (மேம்படுத்திய மறுபதிப்பையே) ஆடுங்கள். அசல் 640×480 அளவிலானது, அதற்காக மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

---

பிக்சல்பித்தன்:

எல்லாரும் "விதி தெரிஞ்சா போதும்"னு முடிச்சுட்டீங்க. எனக்கு ஒப்புதல் இல்ல. விதி தெரிஞ்சும் சலிக்கிற விஷயங்கள் இருக்கு, அதையும் சொல்லித்தான் ஆகணும்.

1987-ல வந்த ஃபைனல் ஃபேண்டஸியோட அசல் வடிவத்துல நாலு பேரையும் ஒரே எதிரி மேல ஏவினா, முதல் அடியிலயே அவன் செத்துட்டா மீதி மூணு பேர் காத்தைத்தான் அடிப்பாங்க. அதுல தந்திரம்னு பெருசா ஒண்ணுமில்ல, நேரம்தான் வீண். இன்டெலிஜன்ஸ் எண் மந்திரத்தைக் கூட்டவே கூட்டாது, அது நிரல் பிழை. ஃபைனல் ஃபேண்டஸி 6 (1994) எவ்வளவு நல்ல ஆட்டம்! அசல்ல எவேட் (அடியிலிருந்து தப்புற) எண் வேலையே செய்யாது. மேஜிக் பிளாக் (மந்திரத்திலிருந்து தப்புற) எண்தான் ரெண்டு வேலையும் பாக்கும். கையேட்டை நம்பிக் கேடயம் வாங்கினவன் ஏமாளி. இதுக்கெல்லாம் மறுபதிப்புதான் வழி.

பால்டர்ஸ் கேட் 1-லயும் நாஷ்கெல் சுரங்கத்துல ஆறு பேரைக் கூட்டிட்டுப் போய்ப் பாருங்க. குறுகின வழியில ஒருத்தர் நின்னா பின்னாடி வர்றவர் சுத்துவழியா மொத்தச் சுரங்கத்தையும் வலம் வருவார். எந்தக் கையேடும் அதைச் சரிபண்ணாது.

அதே சமயம் க்ரோனோ ட்ரிக்கர் (1995) எந்தச் சலுகையும் கேக்காம நிக்குது. எதிரிங்க திரையிலயே தெரியுறாங்க, சண்டைக்குத் தனித் திரை இல்ல, யாரும் வழியில நிறுத்திக் கழுத்தறுக்கிறதில்ல. ஆக பழசு புதுசுன்றதில்ல கணக்கு. ஆடுறவன் நேரத்தை மதிச்சுச் செஞ்சாங்களான்னு பாருங்க.

---

சுடுசோறு:

ஒண்ணு விட்டுட்டீங்க. தொழில்நுட்பத்துல ரொம்பப் பழசு தொல்லையில்ல, 2003–2004 முப்பரிமாண ஆட்டங்கள்தான் தொல்லை.

நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக் (2003): சண்டை முடிஞ்சதும் ஆள் நகர மாட்டேன்னு அப்படியே நிப்பான். மானிட்டர் 144 ஹெர்ட்ஸ்ல ஓடுறதுதான் காரணம். 60-க்கு இறக்குங்க, வி-சிங்க் (ஆட்டத்தைத் திரையோட வேகத்துக்கு இணைக்கிற அமைப்பு) போடுங்க, சரியாயிடும். அதுக்கப்புறமும் க்ராஷ் ஆனா ஆட்டத்தோட ஐஎன்ஐ (அமைப்பு) கோப்புல கிராபிக்ஸ் பகுதியில டிஸேபிள் வெர்டெக்ஸ் பஃபர் ஆப்ஜெக்ட்ஸ்=1 சேருங்க. ரெண்டாம் பாகத்துக்கு வெட்டுப்பட்ட பகுதிகளை மீட்கிற மோட் இல்லாம முடிவுப் பகுதி அரைகுறையா இருக்கும்.

வேம்பயர் பிளட்லைன்ஸ் (2004) அன்அஃபிஷியல் பேட்ச் (ரசிகர்கள் செஞ்ச திருத்தம்) இல்லாம தொடவே வேண்டாம். பேசிக், பிளஸ்னு ரெண்டு வகை. முதல் தடவைக்கு பேசிக். அது பிழைகளை மட்டும் திருத்தும்.

---

மழைக்காகிதம்:

ரொம்ப நன்றி. மாரோவிண்ட்ல குத்துவாளைத் தூக்கிப்போட்டுட்டேன், நண்டு செத்துச்சு :) ஃபாலவுட் பத்தி யாரும் பேசலியே? அந்த 150 நாள் கெடுதான் உறுத்துது. என்கிட்ட இருக்கிறது லினக்ஸ்.

---

வளவன்79:

150 நாள் தாராளம். ஊர் ஊரா நடக்கிறதுலதான் நாள் போகும், ஊருக்குள்ள பேசிட்டிருந்தா மணிக்கணக்குதான். பத்தலன்னா ஹப் நகரத்துல தண்ணி வியாபாரிகளுக்கு 2,000 மூடி (பாட்டில் மூடிதான் அங்க காசு) குடுத்தா வால்ட்டுக்கு (நீங்க கிளம்பின நிலத்தடி உறைவிடத்துக்கு) தண்ணி அனுப்புவாங்க, 100 நாள் கூடும்.

அஜிலிட்டி 10 வைங்க, ஒரு சுற்றுக்கு 10 ஆக்‌ஷன் பாயிண்ட் கிடைக்கும். ஸ்மால் கன்ஸ், ஸ்பீச், லாக்பிக் மூணையும் டேக் பண்ணுங்க (முதன்மைத் திறனா குறிங்க). கூட்டாளி இயனுக்கு எஸ்எம்ஜி (சின்ன இயந்திரத் துப்பாக்கி) குடுக்காதீங்க. படபடன்னு சுட்டு உங்க முதுகுலயே இறக்குவான். பிஸ்டல் போதும். அவன் வாசல்ல அடைச்சுட்டு நின்னா தள்ளி விடுற வசதி இந்தப் பாகத்துல கிடையாது, ரெண்டாம் பாகத்துலதான் வந்துச்சு. அதனால குறுகலான அறைக்குள்ள போறதுக்கு முன்னாடி சேவ். சண்டை இழுக்குதுன்னா ப்ரிஃபரன்ஸ்ல காம்பேட் ஸ்பீடை முழுசா ஏத்துங்க.

லினக்ஸுக்கு ஃபாலவுட் கம்யூனிட்டி எடிஷன்னு (ரசிகர்கள் எழுதின மாற்று எஞ்சின்) தேடுங்க. நீங்க வாங்கின ஆட்டத்துல இருக்கிற மாஸ்டர், கிரிட்டர்னு ரெண்டு டாட் கோப்பு, டேட்டா ஃபோல்டர், இதையெல்லாம் அதோட நிரல் இருக்கிற இடத்துல போடணும். திறந்த உடனே கோப்பு காணோம்னு மூடிச்சுன்னா பெயர்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம்தான். விண்டோஸ் அதைக் கண்டுக்காது, லினக்ஸ் கண்டுக்கும். சிஎஃப்ஜி (அமைப்பு) கோப்புல எப்படி எழுதியிருக்கோ அதே மாதிரி கோப்புக்கும் ஃபோல்டருக்கும் பேரை மாத்துங்க, ஓடும்.