பின்னால் மாட்டிய டர்போ: காலையில் நீலப் புகை, பூஸ்ட் லேட். முன்னால் மாற்றிவிடலாமா?

ஹூஸ்டன்வாசி:
வணக்கம். என்னிடம் இருப்பது 2002 கார்வெட் சி5, 5.7 லிட்டர் எல்எஸ்1, கியர் வண்டி. செகண்ட்ஹேண்டில் வாங்கியது. முந்தைய ஓனர் பின் சைலன்சர்களைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒற்றை டர்போ (எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) மாட்டியிருக்கிறார். பூஸ்ட், அதாவது அது தரும் கூடுதல் காற்றழுத்தம், 6 பிஎஸ்ஐ. அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் கிடையாது.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்தால் பின்னால் நீலப் புகை மண்டுகிறது. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அப்புறம் நாள் முழுக்கப் புகை இல்லை. இன்னொரு குறை, 3,500 ஆர்பிஎம் தாண்டினால்தான் பூஸ்ட் முள் ஏறுகிறது. இங்கே ஒரு ஷாப்பில், "அவ்வளவு நீளக் குழாயில் காற்று நிரம்பவே நேரமாகும், டர்போவை இன்ஜின் பக்கத்துக்குக் கொண்டு வாங்க" என்று பெரிய தொகை சொல்கிறார்கள். இந்த வண்டி எனக்கு உயிர். தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

பழைய ஸ்பேனர்:
தம்பி, முதலில் புகை. முன்னால் இருக்கும் டர்போவில் ஆயில் தானாகவே கீழே சம்ப்புக்கு (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) வடிந்துவிடும். உங்கள் டர்போ சம்ப்பை விடத் தாழ்வாகவோ கிட்டத்தட்ட அதே மட்டத்திலோ தொங்குகிறது. அதனால் ஆயிலைத் திருப்பி அனுப்ப ஒரு பம்ப் வேண்டும். டர்போவுக்குள் இருக்கும் சீல் ரப்பர் இல்லை, பிஸ்டன் ரிங் மாதிரி ஒரு வளையம். பேரிங் அறையில் ஆயில் தேங்கினால் அது தடுக்காது.

புகை எப்போது வருகிறது என்பதை வைத்தே பாதி கண்டுபிடித்துவிடலாம். காலையில் மட்டும் என்றால், இன்ஜின் நின்ற பிறகு நீளமான ஆயில் லைனில் இருந்தது மெல்ல டர்போவுக்குள் இறங்கித் தேங்குகிறது. சிக்னலில் ஐடிலில் நிற்கும்போது புகைந்தால் பம்ப் ஒழுங்காக இழுக்கவில்லை. பூஸ்ட் ஏறும்போது புகைந்தால் சீல் தேய்மானம், இல்லையென்றால் பிசிவி லைனில் (கிராங்க்கேஸ் என்ற இன்ஜின் அடி அறையின் ஆவியை வெளியேற்றும் குழாய்) ஒருவழி வால்வு இல்லாமல் பூஸ்ட் கிராங்க்கேஸுக்குள் போகிறது.

உங்களுடையது முதல் வகை. ஆயில் லைனில் டர்போவுக்குப் பக்கத்தில் ஒருவழி வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் பக்கம் மாட்டியிருந்தால் பிரயோஜனம் இல்லை, அதற்குப் பின்னால் உள்ள லைன் முழுக்க வடியும். அப்படியே டர்பைன் (எக்ஸாஸ்ட் வாயு சுழற்றும் சக்கரம்) ஷாஃப்டை விரலால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் துளி ஆட்டம் சகஜம். முன்பின் ஆட்டம் கைக்குத் தெரிந்தால் பேரிங் போய்விட்டது.

வெப்பக்கணக்கு:
ஷாப்காரர் சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4 மீட்டர் நீளம், 6.35 செ.மீ. உள்விட்டம் என்று வைத்தால் குழாயின் கொள்ளளவு சுமார் 12.7 லிட்டர். 6 பிஎஸ்ஐ ஏற்ற, கூடுதலாக 5 லிட்டர் சொச்சம் காற்று போதும். உங்கள் இன்ஜின் 3,000 ஆர்பிஎம்மில் விநாடிக்கு 140 லிட்டர் வரை இழுக்கக்கூடியது. டர்போ சுற்ற ஆரம்பித்துவிட்டால் குழாய் நிரம்புவது கண் இமைக்கும் நேரம்தான்.

தாமதம் எக்ஸாஸ்ட் பக்கம் இருக்கிறது. உதாரணத்துக்கு, 800 டிகிரி செல்சியஸில் கிளம்பும் வாயு பின்னால் போவதற்குள் 500 டிகிரிக்கு இறங்கினால் அதன் கொள்ளளவு கால்வாசிக்கு மேல் சுருங்கிவிடும். டர்பைனுக்குக் கிடைக்கும் சக்தியும் அதே அளவு குறையும். இதை ஈடுகட்டத்தான் பின்னால் மாட்டும்போது சின்ன ஏ/ஆர் (வாயு நுழையும் வழியின் அளவைக் குறிக்கும் எண்) உள்ள டர்பைன் ஹவுசிங் போடுவார்கள். உங்களுடையதில் என்ன எண் பொறித்திருக்கிறது? எக்ஸாஸ்ட் இணைப்புகளில் கரிப்படலம் தெரிகிறதா என்றும் பாருங்கள். டர்போவுக்கு முன்னால் கசியும் ஒவ்வொரு இணைப்பும் பூஸ்ட்டைத் தின்னும்.

தூரத்தில் டர்போ வைப்பது ஒன்றும் கிறுக்குத்தனம் இல்லை. இரண்டாம் உலகப்போரின் பி-47 தண்டர்போல்ட் விமானத்தில் இன்ஜின் மூக்கில், டர்போ விமானிக்குப் பின்னால் வால் பக்கம். வயிற்றுப் பகுதி முழுக்க குழாய்தான். அந்த அமைப்போடு எத்தனை உயரத்தில் பறந்தது!

ஹூஸ்டன்வாசி:
ரொம்ப நன்றி அண்ணா. ஜாக் போட்டுப் பார்த்தேன். ஆயில் லைனில் ஒருவழி வால்வே இல்லை. ஷாஃப்டில் முன்பின் ஆட்டம் இல்லை. வலது பக்க எக்ஸாஸ்ட் கிளாம்ப்பைச் சுற்றி கன்னங்கரேல் என்று கரி. அப்போ முன்னால் மாற்ற வேண்டாமா?

பழைய ஸ்பேனர்:
இந்த வண்டிக்கு வேண்டாம் என்பேன். சி5-ன் மூக்கில் இடமே கிடையாது. மேனிஃபோல்டிலிருந்து எல்லாம் புதிதாகச் செய்யணும், பிளக் வயர்களைச் சூட்டிலிருந்து காப்பாற்றணும். இப்போது அந்தத் தலைவலி இல்லை. டர்போவுக்கும் சூடு குறைவு, உள்ளே ஆயில் கருகுவது குறையும். 5.7 லிட்டர் வி8-க்கு பூஸ்ட் வருமுன்பே இழுவை தாராளம், லேக் (பூஸ்ட் வரும் தாமதம்) உறுத்தாது. 1.5 லிட்டர் சின்ன இன்ஜினாக இருந்தால் நானே முன்னால்தான் வைக்கச் சொல்வேன். ரேஸ் டிராக்கில் ஒவ்வொரு வளைவிலும் உடனடி பூஸ்ட் வேண்டுமென்றாலும் அப்படித்தான்.

கிளாம்ப்பை மாற்றுங்கள், டர்போ வரைக்கும் எக்ஸாஸ்ட்டில் ஹீட் ரேப் (சூட்டை உள்ளேயே தக்கவைக்கும் பட்டை) சுற்றுங்கள். சாதா இரும்புக் குழாய் என்றால் ரேப்புக்கு அடியில் ஈரம் தங்கித் துருப்பிடிக்கும், வருஷா வருஷம் பிரித்துப் பாருங்கள்.

மழைக்காலம்:
ஹூஸ்டன் என்பதால் ஒன்று சொல்லணும். ஏர் ஃபில்டர் பின் சக்கரத்துக்குப் பின்னால் எவ்வளவு தாழ்வாக இருக்கிறது? உங்கள் ஊரில் ஒரு பெருமழைக்கே ரோடு குளமாகும். தண்ணீருக்குள் ஃபில்டர் முங்கினால் டர்போ நீரை உறிஞ்சி இன்ஜினுக்கு அனுப்பும், கனெக்டிங் ராட் வளைந்துவிடும். ஃபில்டர் உறை மழைத்துளியைத்தான் தடுக்கும். தேங்கிய நீரில் வண்டியை இறக்கவே இறக்காதீர்கள்.

ஹூஸ்டன்வாசி:
ஃபில்டர் பம்பருக்குள் தாழ்வாகத்தான் இருக்கிறது, மேலே ஏற்றப் பார்க்கிறேன். ஆயில் பம்ப் நின்றுபோனால் எனக்கு எப்படித் தெரியும் அண்ணா?

பழைய ஸ்பேனர்:
இப்போதைக்குத் தெரியாது, அதுதான் ஆபத்து. பம்ப்புக்குத் தனி ரிலே, தனி ஃபியூஸ் போடுங்கள். ரிட்டர்ன் லைனில், பம்ப்புக்கு அடுத்து, குறைந்த அழுத்தத்துக்கான ஒரு பிரஷர் சுவிட்ச் மாட்டி டேஷ்போர்டில் சிவப்பு விளக்குக்கு இழுங்கள். இன்ஜின் ஓடும்போது விளக்கு எரிந்தால் உடனே ஓரங்கட்டி நிறுத்திவிடுங்கள். இன்ஜினை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் பம்ப் ஓட ஒரு டைமர் வையுங்கள். பம்ப்புக்கு முன்னால் வலை ஃபில்டர் இருந்தால், ஆயில் மாற்றும்போதெல்லாம் அதையும் கழற்றிக் கழுவணும். ஒருவழி வால்வு வாங்கும்போது சில பிஎஸ்ஐ அழுத்தத்திலேயே திறப்பதாகப் பார்த்து வாங்குங்கள். ரொம்பக் கடினமானது என்றால் ஐடிலில் டர்போ பட்டினி கிடக்கும்.