படித்தது மறந்துபோகிறது, என்ன செய்வது?

தேனி மாணவி:
பிளஸ் டூ உயிரியல் படிக்கிறேன். ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்து, மார்க்கரால் கோடும் போடுகிறேன். வாசிக்கும்போது எல்லாம் புரிகிறது. தேர்வில் எதுவும் ஞாபகம் வரமாட்டேன் என்கிறது. ராத்திரி கண்விழித்தும் பயனில்லை.

தாவரவியல் ஆசிரியர்:
திரும்ப வாசிப்பதைக் குறைத்துக்கொள் அம்மா. ரோடிகர், கார்பிக் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2006-இல் இதை ஆய்வாகவே வெளியிட்டார்கள். ஒரு பகுதியைப் படித்த மாணவர்களில் சிலர் அதை மறுபடி வாசித்தார்கள், சிலர் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, மறுபடி வாசித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து எல்லாம் தலைகீழ். நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, மறுபடி வாசித்தவர்களுக்கு 42தான்.

பூக்கும் தாவரங்களில் நடக்கும் இரட்டைக் கருவுறுதலை எடுத்துக்கொள். ஒருமுறை நிதானமாக வாசி. புத்தகத்தை மூடிவிட்டு, வெள்ளைத்தாளில் படம் வரைந்து பாகங்களைக் குறி. எந்த ஆண் கேமீட் (இனச்செல்) எதோடு இணைகிறது என்று எழுது. அப்புறம் புத்தகத்தைத் திறந்து, விட்டதைச் சிவப்பு மையில் சேர். முதல் தடவை தாளில் பாதி காலியாகத்தான் இருக்கும், பயப்படாதே. தேடித் திணறி எடுப்பதுதான் மனதில் தங்கும். மறுநாள் ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை இதையே செய்.

தூக்கத்தை மட்டும் வெட்டாதே, படித்தது பதிவதற்கு அது அவசியம்.

தேனி மாணவி:
சரி சார். இயற்பியல் கணக்குக்கும் இப்படித்தானா?

தாவரவியல் ஆசிரியர்:
ஆமாம். தீர்வைப் பார்க்காமல் நீயே போடு. ஒரே வகைக் கணக்கை வரிசையாகப் போடாமல், பல பாடங்களிலிருந்து கலந்து எடு.