புதுப்பிப்பு: சூடானால் மேடேறாத ஹைட்ரோ புல்வெட்டி, கடைசியில் ஊற்றிய ஆயில்

பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துக் கோயில் திடலில் நாங்கள் பின்னால் நடந்து ஓட்டும் ஹைட்ரோ புல்வெட்டி (பம்பு தள்ளும் ஆயிலின் அழுத்தத்தில் சக்கரம் சுழலும் வகை), சூடானதும் மேட்டில் நின்றுவிடுகிறது, என்ன ஆயில் மாற்றலாம் என்று கேட்டிருந்தேன்.

வேலை செய்தது, 20டபிள்யூ-50 இன்ஜின் ஆயில் ஊற்றச் சொன்ன அண்ணனின் யோசனைதான். கையேட்டிலும் அதுவே இருக்கிறது. கடைக்காரர் எடுத்து வைத்த ஏடபிள்யூ 32 ஹைட்ராலிக் ஆயில், 100 டிகிரியில் 5 சென்டிஸ்டோக்ஸ் (ஆயிலின் கெட்டித்தன்மை அளவு) வரை இளகிவிடும். இந்த பம்புக்குக் குறைந்தது 9 வேண்டும். 20டபிள்யூ-50 அதே சூட்டில் 17, 18 நிற்கும். நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டியானதுதான் சரி.

எதிர்பாராதது: வடித்த பழைய ஆயில் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் வந்தது. தண்ணீர் கலந்திருக்கிறது. டேங்க் மூடியில் காற்றுத் துளை உண்டு, அங்கே தண்ணீர் அடிக்காதே என்று ஜெட் பம்பு வைத்துக் கழுவும் பையனிடம் சொல்லியாயிற்று. ஃபில்டரும் மாற்றினேன், ஹைட்ரோவுக்கு உள்ளதையே கேட்டு வாங்குங்கள். கார் ஃபில்டர் மரை பொருந்தினாலும் வேண்டாம்.

அப்புறம் ஆயில் மாற்றும்போது உள்ளே சிக்கிய காற்றை எடுப்பது. இதை விட்டால் புது ஆயிலிலும் பம்பு ஊளையிடும். சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, பைபாஸ் வால்வைத் (ஆயில் சக்கரத்தைச் சுழற்றாமல் சுற்றி வர விடும் வால்வு) திறந்து, இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு லீவரை முன்னும் பின்னும் ஐந்தாறு முறை தள்ளவும். வால்வை மூடி மறுபடியும் அதையே செய்யவும். டேங்கில் குமிழி அடங்கியதும் அளவு இறங்கும், ஊற்றி நிரப்பவும்.

இப்போது மத்தியான வெயிலிலும் மேடேறுகிறது. ரிவர்ஸில் மட்டும் இடது சக்கரம் கொஞ்சம் சோம்பல், பெல்ட்டைப் பார்க்க வேண்டும்.