பெர்சி ஜாக்சன் இரண்டாம் புத்தகம்: எனக்கு மட்டும்தான் முதலாவதைவிடப் பிடித்திருக்கிறதா?

மொட்டைமாடி_வாசகி

அக்கா பையனுக்கு வாங்கிய ரிக் ரியோர்டனின் பெர்சி ஜாக்சன் செட் (கிரேக்கக் கடவுள்களுக்குப் பிறந்த பிள்ளைகளைப் பற்றிய ஐந்து புத்தகம்), இப்போது நான்தான் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன். 'தி லைட்னிங் தீஃப்' நன்றாகத்தான் இருந்தது, ஆனால் யார் யாருக்குப் பிள்ளை, எந்தக் கடவுளுக்கு எந்தத் துறை என்று சொல்வதற்கே நிறையப் பக்கம் போய்விடுகிறது. 'தி சீ ஆஃப் மான்ஸ்டர்ஸ்' அப்படியில்லை. இரண்டாவது அத்தியாயத்திலேயே பள்ளிக்கூட ஜிம்மில் நரமாமிசம் தின்னும் ராட்சதர்களோடு டாட்ஜ்பால், பந்தெல்லாம் தீப்பிடித்த வெண்கலக் குண்டுகள்! அதிலிருந்து கீழே வைக்க முடியவில்லை. ஆனால் இணையத்தில் தேடினால் ஐந்தில் இதுதான் சுமார் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். உங்களுக்கு எப்படி? மூன்றாவதைச் சொல்லிவிடாதீர்கள், இன்னும் தொடவில்லை.

உப்புக்காற்று

சுமார் என்று சொன்னவர்கள் டைசனை மறந்துவிட்டார்கள் போல. எனக்கு இந்தப் புத்தகமே அவன்தான். பள்ளியில் வீடில்லாத, பாவப்பட்ட பெரிய உடம்புக்காரப் பையனாக இருந்தவரை பெர்சி அவனுக்காகச் சண்டைக்குப் போகிறான். அதே பையன் ஒற்றைக்கண் சைக்ளாப்ஸ் என்று தெரிந்து, போதாக்குறைக்குக் கடவுள்களின் பிள்ளைகள் தங்கும் முகாமில் எல்லோர் முன்னாலும் பெர்சியின் அப்பா, கடல் கடவுள் பொசைடனின் திரிசூலம் அவன் தலைக்கு மேல் மின்னி, 'இவனும் என் பிள்ளை' என்று ஆனதும் நம்ம ஹீரோவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்கிறது. மற்ற பிள்ளைகள் சிரிக்கிறார்கள், இவன் தம்பியிடமிருந்து ஒதுங்கிப் போகிறான். கூடப் பிறந்தவனை நாலு பேர் முன்னால் காட்டிக்கொள்ளக் கூசுகிற அந்த அற்பத்தனத்தைச் சிறுவர் கதையில், அதுவும் ஹீரோ தலையிலேயே ரியோர்டன் கட்டுகிறார் பாருங்கள், அங்கேதான் நான் விழுந்தேன். டைசனோ இது எதையும் மனதில் வைக்காமல் அண்ணனுக்கு ஒரு கைக்கடிகாரம் செய்து கொடுக்கிறான். அழுத்தினால் கேடயமாக விரியும். கப்பலில் கொதிகலனைச் சரிசெய்ய அவன் கீழே இறங்கிப் போகிற இடம் வரும்போது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

பழைய_பேப்பர்

நான் எதிர்க்கட்சி. டைசன் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மற்றதெல்லாம் ஒடிஸியஸ் கடல்வழியாக வீடு திரும்புகிற ஹோமரின் கிரேக்கக் காவியம் 'ஒடிஸி'யை எடுத்துத் தீவு தீவாக அடுக்கியதுதானே? சூனியக்காரி சர்சி, பாட்டால் இழுத்துக் கொல்லும் சைரன்கள், கடல் அரக்கிகள் ஸ்கில்லா, கரிப்டிஸ், கடைசியில் சைக்ளாப்ஸ் பாலிஃபீமஸ். ஒன்று முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது. புத்தகமும் முதலாவதைவிட மெலிசு, எந்தத் தீவிலும் நிம்மதியாக ஒரு ராத்திரி தங்க விடவில்லை. சர்சியின் ஸ்பாவில் பெர்சி கினிப் பன்றி ஆகிற பகுதிக்குச் சிரித்தேன், அவ்வளவுதான். இதில் நிஜமாகவே புதிதாக இருந்தது கிளாரிஸ். முதல் புத்தகத்தில் வெறும் ரௌடியாக இருந்தவளுக்கு இங்கே அதிகாரபூர்வமாகப் பயணப் பொறுப்பு கிடைக்கிறது, அப்பாவான போர்க் கடவுள் ஏரிஸுக்கு அவள் எவ்வளவு பயப்படுகிறாள் என்றும் தெரிகிறது.

மொட்டைமாடி_வாசகி

பழைய_பேப்பர், தீவு தீவாக அடுக்கினதுதான் எனக்குப் பிடித்ததே 😄 ஆனால் சைரன் அத்தியாயத்தையும் அந்த வரிசையில் தள்ளிவிட்டீர்களே! பெர்சியின் தோழி அன்னபெத் வேண்டுமென்றே பாட்டைக் கேட்க ஆசைப்பட்டு, தன்னைப் பாய்மரத்தில் கட்டச் சொல்கிறாள். பெர்சி காதில் மெழுகை அடைத்துக்கொண்டு கட்டிவிடுகிறான், அவளிடம் இருக்கிற கத்தியை வாங்க மறந்துவிடுகிறான். அறுத்துக்கொண்டு குதித்துவிடுகிறாள். அவன் நீந்திப் போய் அவளைத் தண்ணீருக்கடியில் இழுத்தால்தான் பாட்டு கேட்காமல் போகிறது. அவள் அங்கே கண்டது தங்கமோ வைரமோ இல்லை, அப்பா அம்மா சேர்ந்து உட்கார்ந்திருக்கிற ஒரு பிக்னிக், கூடவே அவளுடைய பழைய நண்பன் லூக். பின்னால் அவளே வடிவமைத்துக் கட்டிய மன்ஹாட்டன். இதெல்லாம் ஹோமரிடம் எங்கே இருக்கிறது?

மூன்றாம்_வரிசை_ஜன்னல்

'ஒடிஸி'யைத் திருப்பிப் போட்டிருக்கிற விதத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே இரண்டு பேரும். அங்கே கணவனுக்காகக் காத்திருக்கிற பெனலபி பகலில் நெய்து இரவில் பிரிப்பாள். இங்கே அந்த வேலை பெர்சியின் நண்பன் க்ரோவருக்கு! ஆட்டுக்கால் பையன் கல்யாண கவுன் மாட்டிக்கொண்டு, பாலிஃபீமஸை ஏமாற்றி, கவுனின் வாலை நெய்து நெய்து பிரித்து நாளைக் கடத்துகிறான். 'என் பெயர் யாருமில்லை' என்று ஒடிஸியஸ் பாலிஃபீமஸை ஏமாற்றிய பழைய தந்திரமும் வருகிறது, அது அன்னபெத் வாயில் வருவதுதான் ருசி. மூலக்கதை தெரிந்த பிள்ளைக்கு இரட்டிப்புச் சிரிப்பு, தெரியாத பிள்ளைக்கும் ஒன்றும் குறையாது.

அப்புறம், 2013-இல் வந்த படத்தைப் பார்த்துவிட்டு இந்தப் புத்தகத்தை எடைபோடாதீர்கள். டைட்டன்களின் தலைவன் குரோனஸ் எழுந்து வந்து சண்டை போடுவதெல்லாம் புத்தகத்திலேயே கிடையாது. கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டீர்கள் என்றால் 'தி டைட்டன்ஸ் கர்ஸ்' கையில் இல்லாமல் தூங்கப் போகாதீர்கள், அக்கா பையன் கேட்டாலும் முதலில் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.