இறந்துபோன அப்பா கிரயம் எழுதிக் கொடுத்தாராம்!

மஸ்கட்வாசி:
ஊரப்பாக்கத்தில் அப்பா 1994-இல் வாங்கிய மனை. நேற்று இணையத்தில் வில்லங்கச் சான்று பார்த்தேன். போன மாதம் அப்பாவே நேரில் வந்து விற்றதாகப் பதிவாகியிருக்கிறது. அவர் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மூலப்பத்திரம் எங்கள் பீரோவில்தான் இருக்கிறது. மனம் கொதிக்கிறது. என்ன செய்வது?

ஓய்வுபெற்ற ஆவண எழுத்தர்:
தம்பி, முதலில் அந்தப் பத்திரத்தின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். புகைப்படம், கைரேகை, அடையாள அட்டை எண், சாட்சிகள் எல்லாம் அதில் இருக்கும். இறப்புச் சான்றிதழோடு காவல்துறையின் நில மோசடிப் பிரிவில் ஆள்மாறாட்டப் புகார் கொடுங்கள். போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்ய வழிசெய்த பதிவுச் சட்டத்தின் 77-ஏ பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் செல்லாது என்றுவிட்டது. எங்களைப் போன்றோருக்கு அது பெரிய வருத்தம். ஆகவே உரிமையியல் நீதிமன்றம்தான். தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். நீங்கள் மூன்று வாரம்கூடத் தாமதிக்காதீர்கள். மறுவிற்பனைக்குத் தடையாணையும் கேளுங்கள்.

செங்கல்பட்டு வாசகி:
வட்டாட்சியரிடமும் ஆட்சேபணை மனு கொடுங்கள், பட்டா மாறிவிடப்போகிறது. உங்கள் சார்பில் செயல்பட ஊரில் இருப்பவருக்கு அதிகாரப் பத்திரம் (பவர்) அனுப்புவதானால் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்புங்கள். இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும்.

மஸ்கட்வாசி:
அக்கா நகல் வாங்கிவிட்டாள். படத்தில் இருப்பவருக்கு நாற்பது வயதுகூட இராது. அப்பாவுக்கு இப்போது எண்பத்தொன்று ஆகியிருக்கும். ஒரு சாட்சியின் முகவரி எங்கள் தெரு. அவரையும் புகாரில் சேர்க்கலாமா?

ஓய்வுபெற்ற ஆவண எழுத்தர்:
கட்டாயம் சேருங்கள்.