கவர் போட்டாலும் சாவுமா? மழையில வெளிய நிக்குற சான் ஸ்டார்ம்

திருவொற்றியூர்_ஸ்டார்ம் (காலை 6:52)
நேத்து ராத்திரி ஒரு மகான் நம்ம குழுவுல எழுதிட்டுப் போயிருக்காரு: "கடற்கரை ஓரத்துல இருக்கறவன் லைட்வெயிட் ஸ்போர்ட்ஸ் காரைக் குளிர்கால மழையில வெட்டவெளியில, கவர்கூட இல்லாம நிறுத்தினா அது வண்டிக்குக் கொள்ளி வெக்கறதுதான்." படிச்சதுல இருந்து தூக்கம் போச்சு.

என் வண்டி சான் ஸ்டார்ம். கோவாவுல செஞ்சது. ரெண்டே சீட்டு, பைபர் பாடி, ரெனால்ட்டோட 1149 சிசி இன்ஜின். நாலு வருஷமா வாசல்லதான் நிக்குது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி எல்லாம் அங்கேயே. கவர் கிடையாது. பாடியில ஒரு பொட்டுத் துரு காட்டுங்க, வண்டிய உங்க பேருக்கு எழுதிக் குடுக்கறேன்.

பெரம்பூர்_பிஸ்டன் (7:05)
அந்த மகான் நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாம், பயம் வேணாம்.

பைபர்ல துரு தேடச் சொல்றியே, பிளாஸ்டிக் பக்கெட்டுல துரு பிடிக்கலன்னு மார் தட்டறவன இப்பதான் பாக்கறேன். பக்கெட்டோட கைப்பிடிக் கம்பியைப் பாரு தம்பி. உன் வண்டிக்கு அடியில இருக்கறது இரும்பு. சஸ்பென்ஷன் ஆர்ம் இரும்பு, பிரேக் பைப் இரும்பு, கதவுக் கீல் இரும்பு. கவர் போடு.

காசிமேடு_பைபர் (7:20)
இன்னாபா காலங்காத்தால. பைபர்னு பேச்சு வந்தா என்னைக் கேக்காம எப்டி? 22 வருசமா மீன்பிடி போட்டு செய்யற வேலை. மேட்டு (கண்ணாடி நார் பாயி), ரெசின், ஜெல்கோட்டு (மேல் பூச்சு), இதான் நம்ம சோறு.

காசிமேட்டுல வந்து பாரு. எம்மாம் பைபர் போட்டு மணல்ல குந்திக்கினு கீது. வெயிலு, மழை, உப்பு, மீன் தண்ணி, எல்லாத்தையும் வாங்கிக்கினு கீது. ஒண்ணுத்துக்காவது கவர் கீதா? கவர் போடாத. காத்து வேணும்பா.

பெரம்பூர்_பிஸ்டன் (7:26)
போட்டுல சீட்டு இருக்கா? கார்பெட் இருக்கா? டேஷ்போர்டு வயரிங் இருக்கா? கவர் போடு.

காசிமேடு_பைபர் (7:41)
பெரம்பூர்ல ஏதுபா கடலு? உனக்குத் தெரிஞ்ச உப்பு சாம்பார்ல போடறது மட்டுந்தான். சரி, அந்த உப்பை வெச்சே சொல்றேன், கேட்டுக்கோ. உங்க வூட்டு உப்பு ஜாடி மழைக்காலத்துல இன்னா ஆவுது? மேல ஒரு சொட்டுத் தண்ணி வுழாமலே கசகசன்னு ஆயிடுது இல்ல? காத்துல ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டிச்சுன்னா உப்பு தானா தண்ணியை இழுத்துக்கும். மழையே தேவை இல்ல. நம்ம பக்கம் இந்த மாசத்துல ராத்திரிக்கு ராத்திரி அதான் கதை.

இப்ப வண்டி மேல உப்பு படிஞ்சு கீது. அது மேல நீ கவரைப் போட்டு மூடிட்ட. உப்பு தண்ணி குடிக்குது, கவர் அதைக் காய வுடாது. பகல்ல வெயில் அடிக்கும்போது உள்ள ஆவி, ராத்திரி அதே ஆவி சொட்டு சொட்டா வண்டி மேலயே வுழுது. இட்லி குண்டான் வேலை. நீ வண்டியக் காப்பாத்தலபா, வேக வெக்கிற. இன்னொண்ணு, காத்துல கவர் படபடன்னு அடிக்கும்போது நடுவுல மாட்டின மணலு இன்னா பண்ணும்? உப்புக் காகிதம் தேய்க்கிற மாதிரி ஜெல்கோட்ட தேய்ச்சு எடுத்துடும். அதுல மயிரிழை வெடிப்பு வுட்டா ஈரம் மேட்டுக்குள்ள போயிடும், அப்பால கொப்புளம். கொப்புளத்தைச் சுரண்டி, காய வெச்சு, மறுபடி ரெசின் போடறது எவ்ளோ பேஜார்னு என்னைக் கேளு. காத்து வேணும்பா.

வண்ணை_வாத்தியார் (8:10)
நண்பர்களே, விவாதத்துக்கு முன்னால் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளலாமா? "குளிர்காலம்" என்று எதைச் சொல்கிறீர்கள்? நம் கணக்கில் ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. ஆவணி, புரட்டாசிதான் கார்காலம். (காருக்கே ஒரு காலம் வைத்த மொழி நம்முடையது.) கூதிரில் கொட்டும் மழை வேறு, முன்பனியில் படியும் பனி வேறு. எதற்குக் கவர்?

பெரம்பூர்_பிஸ்டன் (8:12)
எல்லாத்துக்கும்தான் சார்.

காசிமேடு_பைபர் (8:12)
எதுக்குமே வாணாம் சார்.

லெஸ்டர்_லோகு (பகல் 1:35)
இங்க இங்கிலாந்துல இப்பதான் விடிஞ்சது. உங்க பேச்சைப் பார்த்தா சிரிப்பு வருது. 24 டிகிரிக்கு ஸ்வெட்டர் போடற ஊர்ல குளிர்காலமாம். குளிர்னா இங்க வந்து பாருங்க. ரோட்டுல பனி உறையக் கூடாதுன்னு லாரி லாரியா கல் உப்பு தூவறாங்க. காத்துல வர்ற உப்பு இல்ல, டயர் வாரி அடியில அடிக்கிற உப்பு.

என்கிட்ட இருக்கறது மாஸ்டா எம்எக்ஸ்-5, முதல் தலைமுறை, 1990 மாடல். ஒரு டன்னுக்குள்ள எடை. ஆறு குளிர்காலம் வாசல்லயே நிறுத்திட்டேன், கவர் இல்ல. பைபர் அண்ணன் சொல்றதுதான் சரி.

பெரம்பூர்_பிஸ்டன் (1:44)
தொரை வந்துட்டாரு. தொரை, அந்த மாடல்ல துணிக்கூரைத் தண்ணி சீட்டுக்குப் பின்னால இருக்கற ஓட்டை வழியாத்தானே வெளிய போவணும்? இலை, குப்பை அடைச்சா தண்ணி சில்லுக்குள்ள (கதவுக்கு அடியில ஓடற தகட்டுப் பெட்டி) நின்னு உள்ளிருந்தே இரும்பைத் தின்னும். உலகத்துக்கே தெரிஞ்ச வியாதி. ஆறு வருஷத்துல உங்க சில் எப்படி இருக்கு? நேரா சொல்லுங்க.

லெஸ்டர்_லோகு (2:20)
போன வருஷம் எம்ஓடி சோதனைக்கு (வண்டி ரோட்டுல ஓடத் தகுதியான்னு இங்க வருஷா வருஷம் பாக்கறது) போனப்ப இடது சில்லுல கொஞ்சம் வெல்டிங் பண்ணேன். அது வேற விஷயம்.

பெரம்பூர்_பிஸ்டன் (2:21)
வேற விஷயமா!! கவர் போட்டிருந்தா இலையே விழுந்திருக்காது.

காசிமேடு_பைபர் (2:30)
வருசத்துக்கு நாலு வாட்டி ஓட்டையில மெல்லிசு டியூப் வுட்டு ஊதிக்கினு இருந்தா இலை எங்க நிக்கும்? போட்டுலகூட அடியில இருக்கற தக்கையைப் புடுங்கித் தண்ணிய வெளிய வுட்டப்புறந்தான் கரையில ஏத்துவோம். தண்ணி வெளிய போவறதுதான் முக்கியம். கவர் அதை அடைக்குது. லோகு தம்பி, நீ ஓட்டைய ஊதல, அதான் தப்பு. கவர் போடாதது தப்பு இல்ல.

லெஸ்டர்_லோகு (2:38)
இங்க லோட்டஸ் எலிஸ் ஸ்போர்ட்ஸ் கார் வெச்சிருக்கறவங்களும் வெளியதான் நிறுத்தறாங்க. 1996ல வந்தது. அலுமினியத்தைப் பசை போட்டு ஒட்டின சட்டம், சட்டம் மட்டும் 68 கிலோ. என்னை விட எடை கம்மி. அலுமினியம் துருப்பிடிக்காது.

காசிமேடு_பைபர் (2:52)
துருப்பிடிக்காது, உப்பிப் பொடியாவும். அலுமினியத்துல ஸ்டெயின்லெஸ் போல்ட்டை மாட்டி உப்புத் தண்ணி காட்டிப் பாரு. போல்ட்டு ஸோக்கா இருக்கும், சுத்தி இருக்கற அலுமினியம் வெள்ளை மாவா கொட்டும். போட்டு இன்ஜின்ல தினம் பாக்கறேன். நடுவுல நைலான் வாஷர் போடணும். பசையாவது, எலிஸாவது.

திருவொற்றியூர்_ஸ்டார்ம் (மாலை 4:15)
இப்ப எல்லாருக்கும் புரிஞ்சிருக்கும். நான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அடிபாகம் வரைக்கும் தண்ணி அடிச்சுக் கழுவறேன். நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போடறதில்ல, ஒட்டிக்கும். கியர்ல போட்டு, டயருக்குக் கல் அண்டக் குடுத்துடுவேன். பேட்டரி நெகட்டிவ் கழட்டிடுவேன். கவர் தேவையே இல்ல.

ராயபுரம்_ராணி (4:22)
எந்தத் தண்ணி அண்ணா? போர் தண்ணியா?

திருவொற்றியூர்_ஸ்டார்ம் (4:24)
ஆமாம்மா.

ராயபுரம்_ராணி (4:27)
திருவொற்றியூர் போர் தண்ணியில சோப்பே நுரைக்காது! மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடித் தண்ணிக்குள்ள கடல் ஏறினது எங்க அப்பா காலத்துக் கதை. நீங்க உப்பை உப்பாலேயே கழுவிட்டு இருக்கீங்க.

காசிமேடு_பைபர் (4:31)
தங்கச்சி கரெக்டா புட்ச்சிச்சு. நல்ல தண்ணில அலசணும், இல்லனா கழுவாமலே வுட்டுடு.

திருவொற்றியூர்_ஸ்டார்ம் (4:33)
அப்ப மெட்ரோ வாட்டர்ல கழுவறேன். முடிஞ்சுதா?

ராயபுரம்_ராணி (4:40)
எது முடிஞ்சுது? எங்க தெருவுல லாரி வந்தா குடத்தை வரிசையில வெச்சுட்டு வேலைக்கு லேட்டா போறோம். உங்க ரெண்டு சீட்டு வண்டிக்கு அடிபாகம் குளிப்பாட்ட நல்ல தண்ணியா? வெக்கமா இல்ல?

பெரம்பூர்_பிஸ்டன் (4:43)
மீஞ்சூர் காட்டுப்பள்ளியில 2010ல கடல் தண்ணியை நல்ல தண்ணி ஆக்கற ஆலை தொறந்தாங்க. ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் கொள்ளளவு. ரெண்டு பக்கெட் காருக்குப் போனா ஒண்ணும் குறையாது.

ராயபுரம்_ராணி (4:45)
அந்த 10 கோடியில எங்க தெருவுக்கு வந்த ரெண்டு பக்கெட்டைக் காட்டுங்க, அப்புறம் பேசலாம்.

வண்ணை_வாத்தியார் (5:02)
இன்னும் யாரும் குளிர்காலம் எது என்று சொல்லவில்லை.

பெரம்பூர்_பிஸ்டன் (5:10)
ஸ்டார்ம் தம்பி, ஒரு சந்தேகம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலுக்கு ஒரு வாரம் முன்னாடி என் மச்சான் கடையில ஒரு கவர் வாங்கினியே, ஞாபகம் இருக்கா? "நாலு வருஷமா கவர் கிடையாது"ன்னு மேல எழுதியிருக்கியே?

திருவொற்றியூர்_ஸ்டார்ம் (5:16)
அதைக் கவர்னு சொல்லாதீங்க. அரிசி மூட்டைச் சாக்கு. மூணே நாள் இருந்தது. புயல்ல பறந்து எதிர்வீட்டு மாடித் தண்ணி டேங்கைக் கட்டிப் பிடிச்சிட்டு நின்னது. மூணு நாள் கணக்குல வராது.

பெரம்பூர்_பிஸ்டன் (5:18)
அடியில பெல்ட் மாட்டினியா?

திருவொற்றியூர்_ஸ்டார்ம் (5:19)
பெல்ட்டே குடுக்கலயே உங்க மச்சான்! அவ்ளோ அக்கறை இருந்தா என் பேட்டரி சார்ஜரைத் திருப்பிக் குடுங்க. பொங்கலுக்கு வாங்கிட்டுப் போனது. எந்தப் பொங்கல்னு நீங்களே சொல்லுங்க.

பெரம்பூர்_பிஸ்டன் (5:25)
கவரைப் பத்திப் பேசினா சார்ஜருக்குத் தாவறது. இதுக்குப் பேருதான் ஜகா வாங்கறது.

காசிமேடு_பைபர் (5:48)
அந்த மிக்ஜாம் வெள்ளத்தைப் பத்திப் பேசாதீங்கபா. எண்ணூர் ஆத்துல எண்ணெய் கலந்து போட்டெல்லாம் தார் பூசின மாதிரி ஆச்சு. பைபர் ஒண்ணும் ஆவலதான், ஆனா அந்தக் கறையை எடுக்கறதுக்குள்ள தேய்ச்சவன் கை தோலு போச்சு. எங்க ஆளுங்க வலை போச்சு, பொழப்பு போச்சு. நீங்க கவர் பறந்த கதை பேசறீங்க.

லெஸ்டர்_லோகு (5:55)
லைட்வெயிட் வண்டி வெள்ளத்துல சீக்கிரமா மிதந்துடும், அது பெரிய ஆபத்து. இதை யாரும் யோசிக்கவே இல்ல.

பெரம்பூர்_பிஸ்டன் (5:57)
மிதந்தா பைபர் அண்ணன் மோட்டார் மாட்டிக் குடுப்பாரு. காசிமேட்டுல இருந்து லெஸ்டர் வரைக்கும் வரும்.

காசிமேடு_பைபர் (6:04)
உதாரு வுடாத. நக்கல் அடிக்கிற அளவுக்கு நீ வண்டி பாத்தவனா? எங்க அப்பா சோழவரம் ஏர்ஸ்ட்ரிப்புல ரேஸ் நடந்த காலத்துல சைக்கிள் மெறிச்சுப் போயி பார்த்தவரு. ஷெட்டும் இல்ல, கவரும் இல்ல. வெட்டவெளியில நிக்கும் வண்டிங்க.

பெரம்பூர்_பிஸ்டன் (6:07)
ரேஸ் முடிஞ்சதும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போவாங்க அண்ணே. மூணு மாசம் மழையில விட்டுட்டா போவாங்க? எங்க தாத்தாவும்தான் சோழவரம் போனாரு. பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ்ல (ரயில் இன்ஜின் பட்டறை) ஃபிட்டர். இரும்பு இன்னா பண்ணும்னு அவரைக் கேட்டுக் கத்துக்கிட்டவன் நான்.

காசிமேடு_பைபர் (6:15)
ஃபிட்டர் பேரனே, அந்த லோகோ ஒர்க்ஸ் யார்டுல நிக்கற இன்ஜினுக்குக் கவர் போட்டாங்களா?

காசிமேடு_பைபர் (6:40)
பிஸ்டன் இதுக்குப் பதில் போடல. பாத்துக்கோங்கபா எல்லாரும்.

பெரம்பூர்_பிஸ்டன் (6:50)
டீ குடிக்கப் போயிருந்தேன். இன்ஜின் எடை நூறு டன்னுக்கு மேல. அதோட தகடு திக்கு வேற. இவன் வண்டியில இருக்கறதெல்லாம் எடையைக் குறைக்க மெல்லிசா போட்டது. மெல்லிசு இரும்புல ஒரு மில்லி துரு தின்னாலே பாதி போச்சு. அதான் லைட்வெயிட்டுக்குன்னு தனியா சொன்னேன். அதுக்குத்தான் கவர்.

காசிமேடு_பைபர் (7:02)
மெல்லிசு இரும்புன்னாதான் இன்னும் காத்து வேணும்பா. பழைய எண்ணெயை பிரஷ்ல தொட்டு அடியில பூசு, கீலுக்கு கிரீஸ் வை, ரெண்டு நாளைக்கு ஒரு வாட்டி கதவைத் திறந்து வுடு. கவர் போட்டவன் வண்டிய மறந்துடுவான். மூடி வெச்ச பொணம் மாதிரி பொங்கல் வரைக்கும் தொட மாட்டான். தொறந்து பாக்கும்போது சீட்டுல பச்சையா பூஞ்சை, வயரெல்லாம் பெருச்சாளி கட்ச்சிருக்கும். கவர் இல்லாதவன் தினமும் பாப்பான். என்கிட்ட போட்டு வர்றதே அப்டித்தான், தார்ப்பாய் போட்டு மறந்ததுதான் நொந்து வரும்.

வண்ணை_வாத்தியார் (7:20)
அப்படியென்றால் சிக்கல் கவரில் இல்லை, மறப்பதில்தான் என்று கொள்ளலாமா?

காசிமேடு_பைபர் (7:21)
கவர்லதான் சார்.

பெரம்பூர்_பிஸ்டன் (7:21)
கவர் இல்லாததுலதான் சார்.

லெஸ்டர்_லோகு (இரவு 9:30)
என் சில்லுல வெல்டிங் பண்ணது ரெண்டு அங்குலம்தான். பெருசு பண்ணாதீங்க.

திருவொற்றியூர்_ஸ்டார்ம் (11:08)
இங்க மழை பிடிச்சிடுச்சு. டார்ச் அடிச்சுப் பார்த்தேன், பானெட்டுக்குக் கீழ பெருச்சாளி ஒண்ணு குந்தியிருக்கு. யார்கிட்டயாவது எலிப்பொறி இருக்கா? பெருசா?

பெரம்பூர்_பிஸ்டன் (11:09)
கவர்?

காசிமேடு_பைபர் (11:09)
போடாத. உள்ள அது குட்டி போட்டுடும்.

ராயபுரம்_ராணி (11:15)
பொறி என்கிட்ட இருக்கு, காலையில வாங்க. ஆனா ஒரே வாரத்துல திரும்பி வரணும். சார்ஜர் மாதிரி ஆகக் கூடாது.

திருவொற்றியூர்_ஸ்டார்ம் (11:16)
சார்ஜரை வாங்கிட்டுப் போனது அவருதாம்மா, நான் இல்ல!